ஓடையை அடைத்துவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் இணையதளத்தைப் புதுப்பித்தீர்கள். எழுத்துரு பெரிதாகியிருக்கிறது, என் வயதுக்கு நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து உங்களிடமிருந்து எனக்கு ஒரு கட்டுரைகூட வந்து சேரவில்லை. முதல் நான்கைந்து நாள், ஆசிரியர் குழு மொத்தமும் ஏதோ கோயில் கொடைக்குப் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன், தளத்தின் அடியில் இருந்த அந்த ஆரஞ்சு நிறச் சின்னத்தை, ஒரு புள்ளியும் இரண்டு வளைவும் போட்டிருக்குமே, அதைக் காணோம்.

அந்தச் சின்னம் குறிப்பதைச் செய்தியோடை என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலச் சுருக்கம் ஆர்.எஸ்.எஸ். ஊர் டீக்கடையில் ஒருநாள் "நான் பத்துப் பதினைந்து வருஷமா ஆர்.எஸ்.எஸ்.லதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

விஷயம் சின்னதுதான். தளம் புதிதாக வெளியிடுகிறவற்றின் தலைப்பு, தேதி, சுட்டி எல்லாம் ஒரு கோப்பில் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். நம் கைப்பேசியில் உள்ள ஓடைச் செயலி அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக இருப்பதை மட்டும் எடுத்து வரும். நாற்பது தளமானாலும் நாம் ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். மின்னஞ்சல் முகவரி, கைப்பேசி எண் எதையும் அந்தத் தளங்களுக்குக் கொடுக்க வேண்டாம். 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராமநாதன் குஹா, நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

கல்லூரியில் படிக்கும் என் பேரனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "தாத்தா, இது கூகுளே கைவிட்ட சமாச்சாரம்லா" என்கிறான். உண்மைதான், ஓடைகளைப் படிக்க கூகுள் நடத்திய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ஆம் தேதியோடு மூடினார்கள். நானும் அதில்தான் இருந்தேன். ஆனால் மூடியது ஒரு கடையைத்தான். என் தளங்களின் பட்டியலை ஒரே கோப்பாக இறக்கி ஃபீட்லி என்ற வேறொரு ஓடைச் செயலியில் ஏற்றினேன், மறுநாள் காலை எல்லாம் வழக்கம்போல வந்தன. பேரன் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பாட்காஸ்டுகூட இதே வழியில்தான் அவன் செயலிக்கு வருகிறது. அதைச் சொன்னபோது நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டான்.

"பேசாமல் எங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தைப் பின்தொடருங்கள்" என்று நீங்கள் சொல்லலாம். அதிலும் பட்டவன் நான். எனக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. பாசனச் செய்தி போடும் ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்தேன். போன பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கும் தேதியை அவர்கள் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். அது என் கண்ணில் பட்டபோது கால்வாயில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அந்த நாலு நாளும் எனக்குக் காட்டியது, குற்றாலத்தில் யாரோ நனைந்துகொண்டே பரோட்டா சாப்பிடும் வீடியோ. மடையில் முகம் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, இந்த வயலுக்கு இன்று தண்ணீர், அதற்கு இல்லை என்று அவர் இஷ்டத்துக்குத் திறக்கவிட்டால் கடைமடைக்காரன் கதி என்ன ஆகும்? ஓடையில் அந்த ஆள் இல்லை. நீங்கள் போட்ட வரிசையிலேயே வரும். படித்து முடித்தால் பட்டியல் காலி.

எப்போதாவது எழுதுகிறவர்களைப் படிக்க இதை விட்டால் வேறு வழியில்லை. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கும் பழைய ஓவியங்களைப் பற்றி ஒருவர் எழுதிவருகிறார். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ கட்டுரை. தினமும் போய்ப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும், பார்க்காவிட்டால் மறந்துபோகும். பிப்ரவரியில் ஒன்று வந்தது, நள்ளிரவு வரை உட்கார்ந்து படித்தேன்.

தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆசைப்பட்டு ஒரு நாளிதழின் முழு ஓடையையும் சேர்த்தேன். மூன்றே நாளில் 'படிக்காதவை 612' என்று நின்றது. கடன்காரன் வாசலில் நிற்பது போல இருந்தது, எடுத்துவிட்டேன்.

ஓடை கொடுத்தால் தளத்துக்கு ஆள் வரமாட்டார்கள், விளம்பரம் போய்விடும் என்று உங்கள் நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கலாம். தலைப்பும் நாலு வரியும் மட்டும் கொடுங்கள், போதும். மீதியைப் படிக்க உங்கள் தளத்துக்குத்தானே வந்தாக வேண்டும்? நான் அப்படித்தான் இத்தனை வருஷமும் வந்தேன்.

பேரனிடம் உங்கள் தள முகவரியைக் கொடுத்தேன். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கும் தளமென்றால் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தாலே பெரும்பாலும் ஓடை திறந்துகொள்ளும். அவன் அடித்துப் பார்த்தான், 'பக்கம் இல்லை' என்று வந்தது. ஒருவேளை வேறு முகவரிக்கு மாற்றியிருந்தால் அதை அடுத்த இதழில் ஒரு வரி போட்டுவிடுங்கள். எடுத்தே விட்டீர்கள் என்றால் திருப்பி வையுங்கள். தென்மாவட்டப் பகுதிக்குத் தனி ஓடை கிடைத்தால் ரொம்ப நல்லது. என் செயலியிலிருந்து உங்கள் பெயரை இன்னும் நீக்கவில்லை. எதிரே சிவப்பில் 'பிழை' என்று காட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
கல்லிடைக்குறிச்சி.