ஐந்து பாட்டும் நான்கு ஊரும்

பட்டர்வொர்த்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய உங்கள் ராக் குழுவின் ஐந்து பாட்டையும் ஹெட்போனிலும் காரிலும் போனின் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்டேன். நன்றாக வந்திருக்கிறது. மூன்றாவது பாட்டில் கிட்டார் இரண்டும் நின்று, பேஸும் உன் டிரம்ஸும் மட்டும் போகிற இடத்தில் யார் என்ன சொன்னாலும் கை வைக்க விடாதே. இரண்டாவது பாட்டில்தான் குரல் கிட்டாருக்குள் அமுங்குகிறது. அதற்காகக் குரலை ஏற்ற வேண்டாம். கிட்டாரில் 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 வரை ஒரு 2 டெசிபெல் குறைக்கச் சொல். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான். அங்கே இடம் விட்டால் வரிகள் தானாக மேலே வரும்.

பாட்டு வெளியீட்டையும் நான்கு ஊர்க் கச்சேரிப் பயணத்தையும் ஒரே வாரத்தில் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் மா. பாட்டு முதலில் போகட்டும், வேன் பிறகு கிளம்பட்டும். ஈப்போவில் உங்களைப் பார்க்க வருகிறவருக்கு ஒரு பாட்டாவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பாட்டு ஒன்று இருந்தால்தான் தெரியாத நாலு பாட்டுக்கும் ஆள் நின்று கேட்பார்.

ஐந்தையும் ஒரே நாளில் கொட்டவும் வேண்டாம். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் பரிந்துரைக்க முடியும், அதுவும் வெளியாவதற்கு முன்னால். குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பினால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அந்தப் பாட்டு போய்ச் சேரும். ஏழு நாள் என்பது கடைசி எல்லை. பாட்டை இணையத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கிற டிஸ்ட்ரோகிட்டோ டியூன்கோரோ, யார் வழியாகப் போனாலும் கோப்புகளை நான்கு வாரம் முன்னதாக ஏற்றிவிடுங்கள். அட்டைப்படம் அளவு சரியில்லை, பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் திருத்த நேரம் இருக்கும். இன்னொரு விஷயம்: 2024 முதல் 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசே தருவதில்லை. மொத்தமாகப் போட்டால் முதல் பாட்டு மட்டும் ஓடும், நான்காவதும் ஐந்தாவதும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும்.

ஆகவே மூன்றாவது பாட்டைத் தனியாக விடுங்கள். நான்கு வாரம் கழித்து முதல் பாட்டு. இன்னும் நான்கு வாரம் கழித்து ஐந்தும் சேர்ந்த தொகுப்பு. தொகுப்பை ஏற்றும்போது, முன்பே வெளியான இரண்டு பாட்டுக்கும் பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே கொடுங்கள். அது 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம், ஒலிப்பதிவுக்கு ஒன்று. அதே எண், அதே கோப்பு, அதே தலைப்பு என்றால் அதுவரை கேட்ட எண்ணிக்கை தொகுப்புக்கும் சேர்ந்து வரும். அவசரத்தில் புது எண் வாங்கினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த இடத்தில்தான் நிறைய குழுக்கள் வழுக்குகின்றன.

மாஸ்டர் கோப்பு, அதாவது இறுதி ஒலிக்கோப்பு, 24 பிட் வேவ் ஆக இருக்கட்டும். உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டக் கூடாது. சத்தம் கூட்டுவதற்காக ஒலியின் ஏற்ற இறக்கத்தை நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற சராசரிச் சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கிறது. நசுக்கிய பாட்டைக் கீழே இறக்கினால் உன் ஸ்நேர் டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் ஆகிவிடும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். குழுவின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுகிறீர்களோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பாட்டு இன்னொரு குழுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பாட்டை நேரடியாக விற்கிற தளமான பேண்ட்கேம்பிலும் போடுங்கள். அவர்கள் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுப்பார்கள், சட்டை மாதிரி சாமானுக்கு 10. கேட்பவர் குறைவுதான். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் அங்கேதான் இருக்கிறார்.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் நால்வரும் உட்கார்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டு ஒரு சொத்து, அதன் ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. இரண்டுக்கும் தனித்தனியாக யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். முதல் தொகுப்புக்கு இரண்டிலும் ஆளுக்கு 25 என்பதுதான் என் கருத்து. வரி எழுதியவருக்கு அதிகம் என்று தொடங்கினால், அடுத்த பாட்டுக்கு யார் தாளம் யோசித்தது என்ற சண்டை வரும். விலகிப் போகிறவரின் பங்கு என்ன ஆகும், குழுவின் பெயர் யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். சிரித்துப் பேசுகிற நாளில் எழுதினால் அரைமணி நேர வேலை. நம் மலேசியாவில் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யாமலேயே உரிமை உண்டு, ஆனாலும் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐப்போவில் தன்விருப்ப அறிவிப்பு கொடுத்து வைத்தால் பின்னால் சான்றாக நிற்கும். பாட்டு எழுதியவர்கள் உரிமைத்தொகை வசூலித்துத் தருகிற எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராகச் சேருங்கள். வானொலியிலோ மேடையிலோ ஒலித்தால் எழுதியவருக்கான பங்கு அந்த வழியாகத்தான் வரும்.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியை நன்றாகப் பார். நோன்பு மாதத்தில் நிறைய இடங்களில் கச்சேரியே இருக்காது. சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் வாரங்களில் பிளஸ் நெடுஞ்சாலையில் வேன் நகராது. தைப்பூசத்தன்று பினாங்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலைகள் அடைத்திருக்கும், உங்களைக் கேட்க வருகிறவர்களும் ரத ஊர்வலத்தில்தான் இருப்பார்கள். கிழக்குக் கரைக்கு யாராவது கூப்பிட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒப்புக்கொள்ளாதீர்கள், வெள்ள காலம்.

வெள்ளி இரவு ஈப்போ, சனி இரவு பினாங்கு. அடுத்த வாரம் ஜொகூர் பாரு. கடைசியில் கோலாலம்பூர். குழுவின் சொந்த ஊரை முதலில் வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் மூன்று மேடை ஏறி இறங்கிய பிறகுதான் பாட்டு கையில் படியும். பெரிய கூட்டத்துக்கு அந்தக் கையோடு வாசியுங்கள்.

ஒவ்வோர் அரங்கத்திடமும் அவர்களின் கேளிக்கை உரிமம் நேரடி இசைக்குச் செல்லுமா, எத்தனை மணி வரை என்று கேட்டு வாட்ஸ்அப்பில் பதில் வாங்கு. 2015 ஆகஸ்டில் அம்பாங்கில் ரூமா ஆப்பி என்ற இடத்தில் போலீஸ் சோதனை வந்தபோது, வாசித்தவர்கள் மட்டுமல்ல, கேட்க வந்தவர்களையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டுக் குழு உங்களோடு வாசிப்பதாக இருந்தால் ஏற்பாட்டாளர் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அதைக் கண்ணால் பார். ஜொகூர் பாரு வரை வந்துவிட்டீர்கள், பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு இரவு என்று யாராவது இழுத்தால், சுற்றுலாப் பயணியாகப் போய் பாரில் வாசிக்க முடியாது என்று சொல்லிவிடு. அனுமதி எடுத்துத் தருகிற ஏற்பாட்டாளர் கிடைக்கும்போது போய்க்கொள்ளலாம்.

இனி மேடை. இதில்தான் உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஈப்போவிலும் பினாங்கிலும் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைவீட்டு மாடிதான். சிமெண்டுச் சுவர், தாழ்ந்த கூரை, கீழே டைல்ஸ். அந்த மாதிரி அறையில் சத்தத்தின் அளவை முடிவு செய்வது மிக்ஸரில் நிற்கிறவர் இல்லை, நீதான். டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது. நீ ஓங்கி அடித்தால் கிட்டார் ஆம்ப் ஏறும், பின்னாலேயே பேஸ் ஏறும். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது, தன் குரலைக் கேட்க வைத்திருக்கிற மேடை ஸ்பீக்கரான மானிட்டரை ஏற்றச் சொல்வார், மானிட்டர் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போய் அறையே கூவும். எல்லாரும் ஒலிக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். தொடங்கிய இடம் உன் சிம்பல். முக்கியமாகப் பாதி திறந்த ஹைஹேட், காலால் மூடித் திறக்கிற அந்த ஜோடிச் சிம்பல். பாடுகிறவர் உனக்கு நேர் முன்னால் நிற்பதால் அவர் மைக்கில் குரலுக்கு இணையாக அது விழும். கோரஸில் ஹைஹேட்டை விட்டு ரைடு சிம்பலுக்குப் போ. 5பி குச்சியோடு அதைவிட மெல்லிய 7ஏ குச்சியும் பையில் இருக்கட்டும். ஒத்திகையில் ஒருமுறை மைக்கே இல்லாமல் வாசித்துப் பாருங்கள். பாடுகிறவரின் குரல் கொஞ்சமாவது காதில் விழுந்தால் அதுதான் சின்ன அறைக்கான அளவு.

கிட்டார்காரர்களிடம் ஆம்பை நாற்காலி மேல் ஏற்றி, தங்கள் காதைப் பார்த்துச் சாய்த்து வைக்கச் சொல். தரையில் இருந்தால் அது அவர்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும், கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். பாடுகிறவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது, பொத்தினால் அது எல்லாத் திசையிலிருந்தும் சத்தத்தை வாங்கும். மைக் எஸ்எம் 58 வகை என்றால் மானிட்டர் அதன் நேர் பின்னால், பீட்டா 58 என்றால் கொஞ்சம் பக்கவாட்டில். அந்தந்த மைக்குக்குச் செவிடான பக்கம் அங்கேதான் இருக்கிறது.

டிரம்ஸும் ஆம்பும் அரங்கத்தினுடையது, உடைகிற சாமான் உன்னுடையது. ஸ்நேர், சிம்பல்கள், கிக் பெடல் ஆகியவற்றோடு ஹைஹேட் கிளட்ச், சிம்பல் ஃபெல்ட், சிறகுத் திருகு, டிரம் சாவி எல்லாம் ஒரு சின்னப் பையில் வை. அரங்கத்து ஸ்டாண்டுகளில் இவைதான் முதலில் காணாமல் போகும். மாற்று ஸ்நேர் தோல் ஒன்று, கிக் தோலுக்கு ஒட்டு ஒன்று, ஸ்நேர் கம்பியைக் கட்டும் கயிறு, துணி டேப். ஒரு கம்பளமும் வேண்டும். டைல்ஸ் தரையில் கிக் டிரம் இரண்டாவது பாட்டுக்குள் ஒரு முழம் முன்னால் நகர்ந்திருக்கும்.

வால்வ் ஆம்ப் இருந்தால், ஸ்பீக்கர் செருகாமல் அதைப் போடவே கூடாது, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகும். ஆம்புக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே கிட்டார் கேபிளைச் செருகாதீர்கள். பார்க்க ஒன்று போல்தான் இருக்கும், ஆனால் உள்ளே கம்பி மெல்லியது, சூடாகி உருகும். ஜப்பானிலிருந்து வாங்கிய கிட்டார் பெடலுக்கான மின்பெட்டி 100 வோல்ட்டுக்கானதா என்று அடியில் பார். நம் 230 வோல்ட்டில் ஒரே நொடியில் போய்விடும்.

ஒரு வாரம் முன்பே ஒவ்வோர் அரங்கத்துக்கும் ஒரே பக்கத்தில் மேடை வரைபடமும் மைக் பட்டியலும் அனுப்பு. உங்களுக்கு மிக்ஸரில் 12 வரிசை: கிக், ஸ்நேர், இரண்டு டாம், ஓவர்ஹெட் ஒன்று, பேஸ், கிட்டார் இரண்டு, குரல் இரண்டு, லேப்டாப் இடது வலது. லேப்டாப்பில் வைஃபையை அணைத்து வையுங்கள். அரைமணி நேரம் கொடுத்தால் ஆறு பாட்டுக்கு மேல் போடாதீர்கள். முடிந்ததும் டிரம்ஸை மேடையிலேயே கழற்றாதே, சிம்பலை ஸ்டாண்டோடு தூக்கிக் கீழே கொண்டுபோய்க் கழற்று. அடுத்த குழுவுக்கு 15 நிமிடம்தான் இருக்கும், அவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

காதில் அடைப்பான் இல்லாமல் வாசிக்காதே மா, ஒத்திகையிலும்தான். 85 டெசிபெலில் 8 மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபெலில் 15 நிமிடம்தான் தாங்கும். உன் கிராஷ் சிம்பல் அதற்கு மேல். போன செவித்திறன் திரும்பி வராது.

காசுக் கணக்கை நேராகப் பார்ப்போம். 30 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட்டுக்கு 60 பேர் வந்தால் 1800. இடத்துக்கு 600, ஒலிக்கு 300 போனால் மிச்சம் 900. மூன்று குழு பிரித்தால் 300. அது பெட்ரோலுக்கும் டோலுக்குமே இழுக்கும். 22 வெள்ளிக்கு அடித்த சட்டையை 50க்கு விற்றால் 28 நிற்கும். 11 சட்டை விற்றாலே வாசல் பணத்துக்குச் சமம். முதலில் 40 சட்டை போதும்: எஸ் 6, எம் 12, எல் 12, எக்ஸெல் 7, டபுள் எக்ஸெல் 3. போனில் பணம் செலுத்துவதற்கான டூயிட்நவ் கியூஆரைப் பெரிதாக அச்சடித்து வையுங்கள், சில்லறையாக 100 வெள்ளி தனி டப்பாவில். மேசையில் உட்கார வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய், நீங்கள் நால்வரும் அந்த நேரம் சாமான் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கூட்டத்தில் யாராவது சினிமாப் பாட்டு கேட்பார்கள். மேடையில் ஒன்று வாசித்தால் தப்பில்லை. பதிவு செய்து வெளியிடுவது வேறு, அதற்கு உரிமம் வேண்டும். நம் பினாங்கில் தொடங்கிய எல்லிகேட்ஸின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டால் நாடு முழுக்கப் போனார்கள். நீங்கள் தமிழில் ராக் பாடுகிறீர்கள். கூட்டம் சிறிதாகத்தான் இருக்கும். அந்த 60 பேரும் உங்கள் பாட்டுக்காகவே வந்தவர்களாக இருக்கட்டும்.

ஈப்போவில் முடிந்த இரவே இங்கே ஓட்டி வர நினைக்காதீர்கள். வாசித்த உடம்பில் தெம்பு இருப்பது போலத் தெரியும், மெனோரா சுரங்கம் தாண்டுவதற்குள் கண் சொருகும். கனரக லோரிகள் ஏறுகிற மேடு அது. ஈப்போவில் அறை எடுங்கள், மிச்சம் பிடிக்கிற காசு இது இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் வந்தால் போதும். கச்சேரிக்குத் தீவுக்குப் போகும்போது, ஃபெரியில் இப்போது வேன் ஏற்ற மாட்டார்கள், முதல் பாலத்தில் போங்கள். இரண்டாவது பாலம் பத்து மாவ்ங்கில் கொண்டு இறக்கும், ஜார்ஜ்டவுனுக்குச் சுற்று. ஞாயிறு காலை 9 மணிக்குள் இங்கிருந்து கிளம்பினால் மாலை நெரிசலுக்கு முன் கோலாலம்பூர் சேரலாம்.

சனி இரவு நால்வரும் இங்கேதான் தூங்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார், பாய் தலையணை எல்லாம் இருக்கிறது. உன் நண்பர்களில் யாருக்கு எது சாப்பிட ஆகாது என்று முன்னமே எழுது. ஸ்நேரும் கிட்டார்களும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மற்றதை வேனிலேயே விடலாம், ஆனால் பின்கதவு நம் வேலிச் சுவரை ஒட்டி நிற்கும்படி நிறுத்துங்கள், யாராலும் திறக்க முடியாது.

அன்புடன்
அப்பா