அந்த ஸ்கேலைப் பிடித்திருந்த கைக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், கூட நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை நம் தெருவில் தேங்கி நின்ற சாக்கடைத் தண்ணீர் வற்றியது. சனிக்கிழமை காலையில் வாசலில் கோலம் போட்டேன். எத்தனை மாதம் கழித்து என்று உங்களுக்கே தெரியும், அந்தக் கதையை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி ஒருவருக்கு. அவர் பெயரைப் போட மாட்டேன். அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை, ஆனால் அந்த மாநகராட்சி ஆபீஸில் நாளைக்கும் அவர் வேலை பார்க்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பை நேரில் பார்க்கலாம், நடந்த வேலையையும் பார்க்கலாம், போட்ட பொருளில் மாதிரிகூட எடுக்கலாம். 2005இலேயே வந்த சட்டம். இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது. தெரிந்ததும் நம் தெருச் சாக்கடை வேலையின் கோப்பைப் பார்க்கப் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டோம், ஒரு மாதம் காத்திருந்தோம், வரச் சொன்னார்கள். போனேன். கோப்பு, எஸ்டிமேட், எம்.பி. புத்தகம் (செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் புத்தகம்) எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்து "பாருங்கள்" என்றார்கள்.

பார்த்தேன். எல்லாம் கன்னடத்தில் கையெழுத்து. நான் பெங்களூரில் தண்டுப் பக்கம், அதாவது கண்டோன்மென்ட் பக்கம், பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். கன்னடம் சரளமாகப் பேசுவேன், சண்டையும் போடுவேன். படிக்க வராது. நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்! அன்றைக்கென்று கூட வருவதாக இருந்தவருக்குக் காய்ச்சல். வெறும் கோடும் வளைவுமாகத் தெரிந்த தாளை அரை மணி நேரம் புரட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் போராடி வந்து, கதவையும் திறந்துவிட்டார்கள், உள்ளே போகத் தெரியவில்லையே என்று இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேஜைப் பெண் டிபன் பாக்ஸைத் திறந்தவர், என்னைப் பார்த்தார். மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, நான் படிக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அந்தக் கோப்புக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது, அவர் வேறு பிரிவு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் மனுவை எழுதிக்கொள்ள அதிகாரி உதவ வேண்டும் என்று சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் என்னைப் போல் எழுத்துத் தெரியாதவளுக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்துக் காட்டு என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

மேஜையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே அதை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். புரியாத சொல்லைக் கேட்டால் சொன்னார். தேதி, தோண்டிய ஆழம், சிமெண்ட், ஸ்லாப். ஒரு வரி முடிந்ததும் ஸ்கேல் கீழே இறங்கும், அடுத்த வரி. அப்படியே போய்க்கொண்டிருந்தது.

எம்.பி. புத்தகத்தில் ஓர் இடத்தில் "நூற ஹத்து மீட்டர்" என்று படித்தார். நான் நூற்றுப் பத்து என்று எழுதினேன். ஸ்கேல் இறங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்தபடி, ஸ்கேலை அந்த வரிக்குக் கீழேயே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சுரீரென்றது. நம் தெரு நூற்றுப் பத்து மீட்டர் எங்கே இருக்கிறது?

நான் தையல்காரி. அளவுதான் என் பிழைப்பு. முப்பது வருஷமாகத் தினம் டேப் பிடிக்கிறவள், தெருவை அளந்து பார்க்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. அந்த ஸ்கேல் நிற்காமல் போயிருந்தால் அந்த எண்ணையும் மற்ற எண்களோடு எழுதிக்கொண்டு வந்திருப்பேன்.

வெளியே வந்து ஒரு டீயாவது குடியுங்கள் என்று கூப்பிட்டேன், வேண்டாம் என்றார். ஒரு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்க மனசு துடிக்கிறது. கொடுக்க மாட்டேன். அவர் செய்ததற்கு அப்படி ஒரு பெயர் வந்துவிடக் கூடாது.

அன்று சாயங்காலமே முப்பது மீட்டர் டேப் கொண்டு வந்த மேஸ்திரி அண்ணா, முட்டளவு தண்ணீரில் அதன் மறுமுனையைப் பிடித்த பிள்ளைகள் (அறுபத்தெட்டு மீட்டர் என்று கத்தினார்களே!), ஒவ்வொரு நாளும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்தவர்கள், நம் மனு முழுவதையும் நூற்றைம்பது வார்த்தைக்குள் கன்னடத்தில் சுருக்கிக் கொடுத்த ரிடையர்ட் வாத்தியார் (கர்நாடக விதிப்படி அதற்கு மேல் போகக் கூடாது), பிழைப்பை விட்டுவிட்டு என்னோடு ஆபீஸ் வாசலில் நின்ற பெண்கள், எங்கள் கணக்கைப் பார்த்ததும் மழுப்பாமல் தானே வந்து தெருவில் நடந்து பார்த்து வேலையைத் திரும்ப எடுக்க வைத்த எஞ்சினியர் சார், எல்லாருக்கும் கை கூப்புகிறேன். யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள், கடைக்கு வந்து திட்டுங்கள்.

அப்புறம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதற்கு முன்னால் ஏதாவது என்றால் நம் வார்டு உறுப்பினரான கார்ப்பரேட்டர் வீட்டு வாசலில் போய் நிற்போம். பிறகு நிற்க வாசல் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சியாக இருந்தது ஐந்தானது, ஆபீஸ் போர்டு மாறியது, எந்தக் கோப்பு எங்கே என்று அலைந்தோம். அந்த அலைச்சலில் எனக்கு ஒன்று உறைத்தது. கார்ப்பரேட்டர் இருந்த காலத்திலும் நான் தெருவின் கணக்கை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வார்டு கமிட்டி என்று ஒன்று அரசியல் சட்டத்திலேயே 1993 முதல் இருக்கிறது. மூன்று லட்சம் பேரோ அதற்கு மேலோ உள்ள ஊரில் அது இருந்தே ஆக வேண்டும். நான் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. இனி நம் வார்டில் எப்போது கூடினாலும் முதல் வரிசையில் இருப்பேன். அங்கே எழுதும் மினிட்ஸை வாங்கி வந்து, கன்னடம் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடையில் வைத்துப் படித்துக் காட்டுவேன்.

அதற்காகக் கன்னட எழுத்துப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். வாத்தியார்தான் சொல்லித் தருகிறார். நம் பால் அங்கே ஹாலு, நம் பத்து அங்கே ஹத்து. சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டு போர்டாகப் படிக்கிறேன். மர ஸ்கேல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாம் கேட்டபடி, வேலை விவரம் எழுதிய பலகையைத் தெருமுனையில் வைத்துவிட்டார்கள். நேற்றுக் கடை அடைத்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றேன். முதல் வார்த்தை 'சரண்டி', சாக்கடை. அடுத்து தெருப் பெயர், காண்ட்ராக்டர் பெயர், தொகை. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது, விரலை வரிக்குக் கீழே வைத்தபடி. நீளம் என்ற இடத்துக்கு வந்தேன். அறுபத்தெட்டு மீட்டர் என்று இருந்தது.