‘ரோப்’ படத்தில் மறைக்காத ஐந்து வெட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு சினிமா பக்கத்தில் இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ (1948) பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘ஒரே ஷாட்டில் எடுத்த படம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. 80 நிமிடப் படத்தில் பத்து வெட்டுகள், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள், இருக்கின்றன. ஐந்து மறைத்தவை, ஐந்து மறைக்காதவை. ஏன் பாதியை மட்டும் மறைத்தார் என்பது என்னைப் பல மாதம் குடைந்த கேள்வி.

நான் 31 வருஷம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன். மகன் வாங்கிக் கொடுத்த டிஸ்கில் இந்தப் படத்தை ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். ஆரம்பத்தில் தெருவைக் காட்டுகிறார். அங்கிருந்து கொலை நடக்கும் அறைக்கு வருவது சாதாரண வெட்டுதான். அப்புறம் பன்னிரண்டாவது நிமிடத்தில் கேமரா, கொலைகாரர்கள் இருவரில் ஒருவனான பிராண்டனின் முதுகை ஒட்டிப் போகிறது, திரை முழுக்க அவன் கோட்டின் கறுப்பு, அந்த இருட்டுக்குள் அடுத்த ஷாட் தொடங்கிவிடுகிறது. ஒருமுறை விருந்தாளி கென்னத்தின் முதுகு, கடைசியில் பிணம் கிடக்கும் பெட்டியின் மூடி. இவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் கடைசி ஒன்றைத் தவிர, ஒவ்வொரு மறைப்புக்கும் அடுத்து ஒரு பச்சையான வெட்டு வருகிறது. மறைப்பு, வெட்டு, மறைப்பு, வெட்டு என்று மாறி மாறி.

விடை கேமராவில் இல்லை, புரொஜெக்டர் ஓடும் எங்கள் கேபினில் இருந்தது. அந்தக் காலத்தில் கேமராவுக்குள் போன பிலிம் சுருள் ஆயிரம் அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடினால் பதினோரு நிமிடம்தான் தாங்கும். தியேட்டருக்கு வந்த ரீலோ இரண்டாயிரம் அடி. ஆக, இரண்டு கேமரா சுருள் சேர்ந்து ஒரு தியேட்டர் ரீல். ரீலுக்கு நடுவில் வரும் ஒட்டை மறைக்கலாம். ரீல் முடிகிற இடத்தில், திரையின் வலது மேல் மூலையில் வட்டப் புள்ளி தெரிந்ததும் ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டரை ஓடவிடுவார், இரண்டாவது புள்ளிக்கு மாற்றுவார். கையால் செய்கிற வேலை. நாலு பிரேம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். அதோடு, ஒவ்வொரு காட்சிக்கும் மாட்டிக் கழற்றுவதால் ரீலின் இரு முனையும்தான் முதலில் கிழியும். கிழிந்த பிரேம்களை நாங்கள் வெட்டி ஒட்டிவிடுவோம். அந்த இடத்தில் முதுகு மறைப்பை வைத்திருந்தால் எந்த ஊரிலாவது அது குதிக்காமல் ஓடியிருக்குமா?

வானமும் என்னைக் கட்டிப்போட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் நியூயார்க் நகரம் முழுக்க ஸ்டுடியோவில் செய்தது. மேகங்கள் கண்ணாடி இழையில் செய்தவை. சுருள் மாற்றும்போது அவற்றை இடம் மாற்றியிருக்கிறார்கள். அந்தியின் ஆரஞ்சு நிறம் தூக்கலாகிவிட்டது என்று கடைசி நாலைந்து கேமரா சுருள்களை மறுபடி எடுத்தார் ஹிட்ச்காக். அவருடைய முதல் கலர் படம் இது. சூரியன் சாய்வதை ஜன்னலில் இவ்வளவு நிதானமாகப் பார்க்கக் கிடைத்ததற்காகவே படத்தை இன்னொரு முறை போடுவேன்.

மறைக்காத வெட்டுகளில் ஒன்றை மட்டும் உங்கள் வாசகர்கள் தவறவிடக் கூடாது. முப்பத்தி நாலாவது நிமிடம். பிராண்டனின் கூட்டாளி பிலிப் கோழியின் கழுத்தை நெரித்த பேச்சு வருகிறது. ‘அது பொய்’ என்று பிலிப் கத்துகிறான். சட்டென்று வெட்டு, அவர்களுடைய பழைய ஆசிரியராக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகம். அவருக்குச் சந்தேகம் விழுகிற நொடி அது. ரீல் மாறியே தீர வேண்டிய இடத்தில் அந்தப் பார்வையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ‘ஒரே ஷாட்’ என்று சொல்லிவிட்டால் இந்த வேலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள்.

அந்த இடம் வரும்போதெல்லாம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், என் வலது கை இன்னொரு மெஷினைத் தேடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
தேனி மாவட்டம்.