திருவாவடுதுறையை ஒரு செங்கோலுக்குள் அடக்கிவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாத ஆன்மிக இணைப்பில் காவிரிக்கரைத் தலங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. அதில் திருவாவடுதுறைக்குக் கிடைத்த இடம் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கமும் “நாடாளுமன்றச் செங்கோலால் வெளியுலகுக்குத் தெரியவந்த சிற்றூர்” என்ற வரியோடுதான் தொடங்குகிறது. நெடுங்காலமாகத் தங்கள் இதழை வாங்கிப் படித்துவரும் எனக்கு அந்த வரி எவ்வளவு வேதனை தந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செங்கோலின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனம் என்னும் எங்கள் ஊர்ச் சைவ மடத்தின் சார்பில் தில்லிக்குச் சென்றவர்கள் நேருவின் இல்லத்தில் அதை அவரிடம் அளித்ததும், 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் அது நிறுவப்பட்டதும் எங்கள் பகுதியில் எல்லோரும் மகிழ்ந்து பேசுகிற செய்திகள்தாம். ஆனால் செங்கோல் வந்து ஊருக்குப் பெயர் தேடித் தந்ததாக எழுதுவது முறையா? பல நூற்றாண்டுகளாகச் சைவத்தையும் தமிழையும் வளர்த்த மடம் என்ற பெயர் இருந்ததால்தான் அன்று அப்படியொரு சிறப்பு அதற்கு வாய்த்தது. இதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த தாங்களே இந்த வரியை அச்சேற விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

கட்டுரையாளர் திருமூலரை ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறார். “திருமூலர் வாழ்ந்ததாகக் கதை உண்டு” என்பதோடு சரி. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருப்பது இதுதான்: கயிலாயத்திலிருந்து அகத்தியரைக் காணத் தெற்கே வந்த சிவயோகியார் காவிரிக்கரையில் சாத்தனூர் மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து கதறுவதையும் காண்கிறார். அவற்றின் துயர் தீர்க்க அவன் உடலில் புகுகிறார். மாலையில் பசுக்களை வீடுகளில் சேர்த்துவிட்டுத் திரும்பிவந்து பார்த்தால் அவர் மறைத்துவைத்த சொந்த உடல் அங்கே இல்லை. பிறகு ஆவடுதுறைக் கோயிலின் அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து, திருமூலர் என்று பெயர் பெற்று, ஆண்டுக்கு ஒன்றாகத் திருமந்திரத்தின் மூவாயிரம் பாடல் அருளினார் என்பது வரலாறு. மூவாயிரம் ஆண்டு என்பதைப் பஞ்சாங்கக் கணக்காகக் கொள்ள வேண்டும் என்று நான் வாதிடப்போவதில்லை. வாயில்லா ஜீவன்களின் அழுகையைப் பொறுக்கமுடியாமல் தன் உடலையே விட்டுக்கொடுத்த ஒருவரைத் தன் குருவாக நினைக்கும் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதையாவது அந்தக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டாமா? அம்பிகை பசு வடிவம் நீங்கப்பெற்ற தலம் என்பதால் கோமுத்தி என்ற பெயரும் இவ்வூருக்கு உண்டு. அதுவும் கட்டுரையில் இல்லை. தந்தையார் வேள்வி செய்யப் பொருள் கேட்டபோது ஞானசம்பந்தர் பதிகம் பாடி ஆயிரம் பொன் கொண்ட உலவாக்கிழி என்னும் குறையாத பொற்கிழி பெற்ற இடம் இது என்பதும் இல்லை. பகைவர் படையெடுத்து வந்தபோது இவ்வூரில் வாழ்ந்த சிவனடியார் திருமாளிகைத் தேவருக்காக மதில்மேல் இருந்த நந்திகளெல்லாம் எழுந்து சென்றன என்றும், அதனால்தான் இக்கோயில் மதிலில் நந்திகளைக் காணமுடியாது என்றும் சொல்வார்கள். சிறுவயதில் என் பாட்டி அந்த மதிலைக் காட்டியே இதைச் சொன்னார். அதுவும் இல்லை.

புராணம் வேண்டாம், சான்றுள்ள வரலாறுதான் வேண்டும் என்று தங்கள் ஆசிரியர் குழு கருதியிருந்தால், கோயில் சுவரிலேயே அது வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கற்றளியாக, அதாவது கருங்கற் கோயிலாக, எழுந்தது இது. அந்தத் திருப்பணியில் பங்குகொண்ட கற்றளிப் பிச்சனின் உருவத்தை இன்றும் அங்கே பெயரோடு காணலாம். 12ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இங்கிருந்த மடத்தில் அட்டாங்க இருதயம், சரக சங்கிதை ஆகிய மருத்துவ நூல்களும் இலக்கணமும் படித்தவர்களுக்கு உணவளிக்கச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. இன்றைய ஆதீனம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஊர், ஐயா, இது! தமிழாசிரியராக வேலை பார்த்த காலத்தில் என் மாணவர்களை அழைத்துச் சென்று கல்வெட்டுகளைக் காட்டியிருக்கிறேன். எழுத்தின் பள்ளங்களில் பழைய சுண்ணாம்பு இறுகிக் கிடக்கும். பிள்ளைகள் விரலால் தடவித் தடவி ஓரெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டு அப்படித் துள்ளுவார்கள். கல்வெட்டுகள் மேல் சுண்ணாம்பு பூசுவதை நிறுத்த வேண்டும் என்று அந்நாளில் தங்கள் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை.

மடத்தின் வரலாற்றுக்கு வருகிறேன். சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வழியில் உமாபதி சிவத்துக்குப் பின் வந்த சித்தர் சிவப்பிரகாசரிடம் உபதேசம் பெற்ற மூவலூர் நமசிவாய மூர்த்திகள் 16ஆம் நூற்றாண்டில் நிறுவிய ஆதீனம் இது. அவர் நினைவாகச் செய்யும் குருபூசை தை மாத அசுவதி நட்சத்திரத்தில் இன்றும் நடக்கிறது. பண்டார சாத்திரங்கள் என்னும் சைவ சித்தாந்த நூல்கள் 14 இந்த மரபில் பிறந்தவை. மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை கண்ட சிவஞான முனிவரும், அவருடைய மாணவர் கச்சியப்ப முனிவரும் இந்த ஆதீனத்துத் தம்பிரான்கள், அதாவது மடத்துத் துறவியர். யாழ்ப்பாணத்து ஆறுமுகருக்கு 1849இல் நாவலர் பட்டம் அளித்ததும் இதே மடந்தான். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் காலத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இங்கிருந்துதான் பாடம் சொன்னார். 1876இல் இங்கேயே காலமானார். அவரிடம் படித்த உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், பின்னர்ச் சங்க நூல்களைத் தேடியபோதும், இம்மடத்துச் சுவடிக் கட்டுகள் அவருக்கு எப்படி உதவின என்பதைத் தமிழ் படித்தவர் அனைவரும் அறிவர். இப்படிப்பட்ட ஊரா 2023இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது?

இது முதல்முறை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் மலரில் தருமபுரத்தையும் திருவாவடுதுறையையும் ஒரே மடம் போலக் கலந்து எழுதியிருந்தார்கள். நாகசுரத்துக்கென்று வெளியிட்ட சிறப்புப் பகுதியில் நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, அவர் பெயரோடு பிரிக்கமுடியாதபடி சேர்ந்துவிட்ட ஊரையே விட்டுவிட்டார்கள். அவருக்காகப் பாரி என்னும் வகை நாகசுரத்தைச் செய்துகொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் நரசிங்கன்பேட்டை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2022இல் அந்த நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் தங்கள் இதழில் நாலே வரிதான் வந்தது. இந்தக் கட்டுரையிலோ அச்சிட்டிருக்கும் கோபுரப் படமே எங்கள் ஊருடையது இல்லை. அது தஞ்சாவூர் மாவட்டத்து ஆடுதுறைக் கோயிலின் கோபுரம். அந்த ஆடுதுறை வேறு, இந்த ஆவடுதுறை வேறு என்பதை ஒருமுறை நேரில் வந்திருந்தால் கட்டுரையாளர் அறிந்திருப்பார்.

இப்படி எழுதுவதால் என்ன நேர்கிறது என்பதையும் கண்ணால் பார்த்தேன். கடந்த குருபூசையின்போது வெளியூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தார், கோயில் வாசலில் என்னிடம் செங்கோல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அது தில்லியில் இருக்கிறது என்றதும் முகம் வாடிவிட்டது. உள்ளே திருமூலர் சந்நிதி இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, வாசலில் நின்றே படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பத்திரிகைகள் இந்த ஊரைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

தங்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்தப் படம் தவறானது என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மாசிலாமணி ஈசுவரர் கோயிலின் படத்தை, சிறியதாக இருந்தாலும் போதும், அதோடு சேர்த்துப் போடுங்கள். கட்டுரையாளர் வருவதாக இருந்தால் கோயிலையும் கல்வெட்டுகளையும் நானே உடனிருந்து காட்டுகிறேன். ஆதீனத்தின் சரசுவதி மகால் நூல்நிலையத்துக்கும் அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.