மெத்தில் அமீன் எரிந்தால் நைட்ரஜன்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பகுதியில் வந்த வேதியியல் மாதிரி வினாத்தாளில், மெத்தில் அமீன் (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மூன்றும் சேர்ந்த சேர்மம்) முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு, நீர், நைட்ரஜன் டை ஆக்சைடு கிடைக்கும் என்று விடை போட்டிருந்தீர்கள். நைட்ரஜன் என்று எழுதியிருந்த என் பேத்தி, உங்கள் விடையைப் பார்த்துத் தன் விடையைத் தானே பென்சிலால் அடித்துவிட்டாள். அவள் எழுதியதுதான் சரி. நான்கு மூலக்கூறு மெத்தில் அமீன் ஒன்பது மூலக்கூறு ஆக்சிஜனோடு எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு நான்கு, நீர் பத்து, நைட்ரஜன் இரண்டு.

"கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சைடு ஆகும்போது நைட்ரஜன் மட்டும் ஏன் ஆகாது பாட்டி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, விடை தயாரித்தவரும் இங்கேதான் வழுக்கியிருப்பார். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் மும்மைப் பிணைப்பு. ஒரு மோல் நைட்ரஜனில் அதை உடைக்க 945 கிலோஜூல் வரை வேண்டும். ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆவதற்கோ, மோலுக்குச் சுமார் 90 கிலோஜூல் வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். கார்பனுக்கு அந்தக் கவலையே இல்லை.

சரி, ஆக்சைடு துளிகூட வராதா என்றால், வரும். கல்லூரி நாளில் டூமாஸ் முறையில் நைட்ரஜனை அளந்தபோது நானே பட்டேன். சேர்மத்தைக் காப்பர் ஆக்சைடோடு கலந்து, குழாயில் கார்பன் டை ஆக்சைடை ஓடவிட்டுச் சூடாக்குவோம். குழாயின் கடைசியில் தாமிரவலைச் சுருள் ஒன்று செக்கச்செவேலென்று காய்ந்திருக்க வேண்டும். நான் அவசரத்தில் அதைச் சரியாகச் சூடாக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் பொட்டாஷ் கரைசலுக்கு மேல் சேர்ந்த வாயு, கணக்குப்படி வரவேண்டிய நைட்ரஜனைவிட அதிகம்! கரைசலில் சிக்காத நைட்ரிக் ஆக்சைடும் அதில் கலந்திருந்தது. அந்த ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து நைட்ரஜனாக்குவதுதான் அந்தச் சுருளின் வேலை என்பது அன்றைக்கு மண்டையில் ஏறியது. (செய்முறை மதிப்பெண் போனது வேறு கதை.)

ஒரு வேண்டுகோள். திருத்தம் வெளியிடும்போது, கேள்வியில் உள்ள 'முழுமையாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். காற்று போதாமல் கம்பளியோ நைலானோ மெத்தையில் இருக்கும் பாலியூரித்தேன் நுரையோ புகைந்தால், அதிலுள்ள நைட்ரஜனில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சயனைடாக வெளியேறும். தீ விபத்துப் புகையில் கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து ஆளை மயங்க வைப்பது அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை