பத்தியத்தோடு தையலையும் பேசுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சமையல் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பூண்டுக் குழம்பும் சுண்டைக்காய் வற்றலும் பிரசவ லேகியமும் படிக்கும்போதே மணத்தன. ஆனால் அத்தனை பக்கத்திலும், பிரசவத்தின்போது போடும் தையலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். "சுகப்பிரசவம்தான்" என்று ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தோம். வயிற்றைக் கிழிக்கவில்லை, அதுவே எங்களுக்குச் சுகம். பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவில் வெட்டி, உள்ளே தசையிலும் வெளியே தோலிலும் தையல் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தையின் தடுப்பூசித் தேதியை இரண்டு முறை சொன்னார்கள். தையலைப் பற்றி, "தானா கரைஞ்சிடும்" என்பதோடு சரி.

வீட்டில் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தொங்கிவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் கொடுக்கவில்லை. கீரை, பழம் கண்ணில் காட்டவில்லை. பாலில் இறங்கிவிடும் என்று பாரசிட்டமாலையும் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் கழிப்பறைக்குள்ளிருந்து அவள் கத்தினாள். "அம்மா, பிள்ளை பெத்தப்பகூட இப்படி வலிக்கலம்மா." மலம் கல்லாக இறுகிவிட்டது. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அடக்கியிருக்கிறாள். அடக்க அடக்க இன்னும் இறுகியிருக்கிறது. சம்மணமிட்டு உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே பால் கொடுத்தாள். குழந்தை அழுதாலே இவளும் அழுவாள். பால் குறைகிறது என்று நான் பூண்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். டார்ச் அடித்துத் தையலைப் பார்த்தார். சீழ் இல்லை, பிரியவும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "முதல்ல தண்ணியக் குடுங்கம்மா" என்றார். கீரை, வாழைப்பழம், கொய்யா எல்லாம் கொடுக்கலாம், மலம் இளகினால்தான் தையல் ஆறும் என்றார். பாரசிட்டமால் பால் கொடுப்பவளுக்கு ஆகும் மாத்திரைதான். வேறு மாத்திரையைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அகலமான பேசினில் இடுப்பு நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, நாளைக்கு இரண்டு மூன்று தடவை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைக்கச் சொன்னார். எழுந்ததும் துடைக்காமல் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதே மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எரிச்சல் குறையும். மலம் கழிக்கும்போது சுத்தமான சானிட்டரி நாப்கினைத் தையல்மேல் வைத்து லேசாகத் தாங்கிப் பிடிக்கலாம். நாலு மணி நேரத்துக்கொரு தரம் நாப்கினை மாற்ற வேண்டும். படுத்தபடி பக்கவாட்டில் பால் கொடுக்கலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சாம்பிராணிப் புகையைக் கீழே காட்டுவதை உடனே நிறுத்தச் சொன்னார்.

முதல் ஒன்றிரண்டு நாளில் துணியில் சுற்றிய ஐஸை அந்த இடத்தில் பத்து நிமிடம் வைத்திருந்தால் வலி ஓரளவு அடங்கியிருக்கும் என்றும் சொன்னார். "பெத்த உடம்புக்கு ஐஸா, ஜன்னி வந்துடாதா?" என்று பதறினார் சம்பந்தியம்மா. கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் பதறியிருப்பேன். பிறகு மகள் தேடிப் படித்துக் காட்டினாள்: உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இந்தக் குளிர் ஒத்தடமும் பாரசிட்டமாலும் இருக்கின்றன. சுகப்பிரசவத்தின்போது வழக்கமாக எல்லோருக்கும் இப்படிக் கீழே வெட்டக் கூடாது என்று 2018இலேயே அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. என் மகளுக்கு அது தேவைப்பட்டதா என்று கேட்கக்கூட எங்களுக்கு அன்று தெரியவில்லை.

பத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. நாற்பது நாள் ஓய்வும், குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள ஆளும் அதில்தான் கிடைக்கின்றன. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீரும் சோறும் மாத்திரையும் பெற்றவள் கையில் இல்லை. அம்மா கையிலோ மாமியார் கையிலோதான் இருக்கின்றன. அதனால் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது அந்த அம்மாவையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஐந்து நிமிடம் சொல்லியனுப்ப வேண்டும். மகளிடம் மட்டும் சொன்னால் வீட்டில் அது எடுபடாது.

எதற்கெல்லாம் உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்: காய்ச்சல், துர்நாற்றம், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, தையல் பிரிதல். வாயுவோ மலமோ அடங்காமல் போவதும் அதில் சேரும். வெட்கத்தால் அதை வெளியில் சொல்லாமலே வருஷக்கணக்கில் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்தில் என் மகள் நேராக உட்கார்ந்தாள். அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு வரும் மாதம் பிரசவம். அவள் மாமியாரிடம் இதையெல்லாம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நான் போக முடியாத வீடுகளுக்கு உங்கள் இதழ் போகிறது. அடுத்த முறை பத்தியம் பற்றி எழுதும்போது அதே பக்கத்தில் இதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.