வெனிஸிலிருந்து பழையகாயலுக்கு

மியூனிக்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? வெனிஸ் போய் வந்ததைப் போனில் சொல்லச் சொல்ல, நீ "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்பதிலேயே நின்றுவிட்டாய். அதனால்தான் கடிதம். அப்பாவுக்கும் படித்துக் காட்டு. அவருக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது.

வார்டில் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கிடைத்தது. கூட வேலை பார்க்கும் கோட்டயத்துச் சேச்சியும் நானும் ரயிலேறினோம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஏறக்குறைய ஏழு மணி நேரம். கடைசியில் ரயில் கடல்மேல் ஒரு பாலத்தில் போகிறது. நம் பாம்பன் பாலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், 1846-லேயே திறந்துவிட்டார்களாம். இறங்கி வெளியே வந்தால், ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய்! ஊருக்குள் கார், பைக் எதுவும் கிடையாது. பஸ்ஸும் படகு, குப்பை வண்டியும் படகு, ஆம்புலன்ஸும் படகு. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் படகு வந்து நின்றதும் நாங்கள் இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டு, நோயாளியை எப்படி இறக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். லீவு போட்டாலும் புத்தி போகுமா?

கொண்டோலா என்று கறுப்பாக ஒரு படகு, படத்தில் பார்த்திருப்பாய். அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. நம் பணத்தில் ஒன்பதாயிரம்! வேண்டவே வேண்டாம் என்று, பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் தோணியில் ஆளுக்கு இரண்டு யூரோ கொடுத்து ஏறினோம். அக்கரையில் மீன் சந்தை. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாளைக்கு ஏழு. நீ இருந்திருந்தால் அந்தக் கல்லையும் பார்த்திருப்பாய், மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்திருப்பாய்.

மாற்கு தேவாலயத்துச் சதுக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அழகுதான், ஆனால் திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டம். அரை மணியில் வெளியே வந்துவிட்டோம்.

அப்பாவுக்கான சங்கதி இது. இந்த ஊர் முதலில் காசு பார்த்ததே உப்பில்தான். தெற்கே கால்வாய்க் கரையோரம் உப்புக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன, அறுநூறு வருஷத்துக் கட்டடம். இப்போது ஒன்றில் ஓவியக் கண்காட்சி, இன்னொன்றில் துடுப்புப் போடுகிறவர்களின் கிளப். அப்பா பார்த்தால், "இத்தனை பெரிய கிடங்கா? நாம் உப்பு அம்பாரத்தை ஓலை போட்டுத்தானே மூடினோம்" என்பார்.

ஆனால் என்னை அங்கே நிறுத்தியது கிணறுதான் அம்மா. ஒவ்வொரு சின்னத் திடலிலும் நடுவில் செதுக்கிய கல்லில் ஒரு கிணற்றுச் சுவர், மேலே இரும்பு மூடி. கடலுக்குள் கிணறு எப்படி என்று முதலில் புரியவில்லை. ஊற்றே கிடையாதாம், அத்தனையும் மழைத்தண்ணீர். திடலைத் தோண்டி, அடியிலும் பக்கத்திலும் களிமண் பூசி, உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் தடுத்து, மணலை நிரப்பியிருக்கிறார்கள். மேல் தளத்தின் ஓட்டைக் கற்கள் வழியாக மழை இறங்கி, மணலில் வடிந்து, நடுவே உள்ள உறையில் சேரும். கிணறுகளைத் திறக்க மணி அடிப்பார்களாம். மழை பொய்த்தால் ஆற்றிலிருந்து படகில் தண்ணீர் வரும். 1884-ல்தான் குழாய் வந்தது. மணிச் சத்தத்துக்குக் காத்திருந்த பெண்களை நினைத்தேன். லாரி வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு என்னைக் காவலுக்கு நிறுத்துவாயே! பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு நீ குடும்பம் நடத்தினாய்.

இந்த ஊர்க்காரரான பழைய காலத்துப் பயணி மார்கோ போலோவின் வீடு இருந்த இடத்தையும் தேடிப் போனோம். வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லை, ஒரு பேட்டை முழுவதற்கும் ஆயிரக்கணக்கில் தொடர்ச்சியாகப் போகின்றன. மூன்று முறை வழி தவறினோம். போய்ப் பார்த்தால் வீடு இல்லை, ஒரு நாடக அரங்கமும் சுவரில் ஒரு கல்லும்தான். எட்டாம் வகுப்பில் சார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்த மனிதர் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் 'காயல்' என்று எழுதி வைத்தது நம் பழையகாயலைத்தான் என்று. ஏடனிலிருந்து குதிரைக் கப்பல் வந்து நின்ற துறைமுகம். இப்போது அங்கே உப்பளமும் உடைமரமும்.

நம் ஆட்கள் பாத்திரத்தை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறாராம். சேச்சி போனில் அதைத் தேடிப் படித்தபோது, நான் தெருக் குழாயில் பாட்டிலை நிரப்பி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பொடியன் என்னைப் பார்த்துத் தானும் செய்யப்போய்ச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். அவன் அம்மா என்னை முறைத்தாள்.

இந்த மாதப் பணம் செவ்வாய்க்கிழமை போடுகிறேன். மூட்டுக்கு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. புதுக் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாளாவது வருகிறதா? இன்னமும் நீதான் குடம் தூக்குகிறாயா?

உன் அன்பு மகள்